பம்ப் மேல் போடும் பழி

மேட்டில் ஏறும்போது வண்டி திணறுகிறது என்று எந்தப் பட்டறையில் போய்ச் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "பம்ப் போச்சுங்க." பானெட்டைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடுகிற பதில் அது. வண்டி பதினைந்து இருபது வருஷத்துப் பிக்கப் என்றால் யாருக்கும் சந்தேகமே எழுவதில்லை. டீசல் பம்ப்பைக் கழற்று, கோயம்புத்தூருக்கு அனுப்பு, பெஞ்சில் போட்டு காலிபரேஷன் செய், கொண்டுவந்து மாட்டு. டிரைவர் சொல்கிறார், ஓனர் நம்புகிறார், பக்கத்து டீக்கடையில் நிற்பவரும் தலையாட்டுகிறார். இப்படியே ஒரு தீர்ப்பு ஊர் முழுக்க நிலைத்துவிட்டது.

இந்தத் தீர்ப்பு தவறானது. காமன் ரெயில் வருவதற்கு முந்தைய பிக்கப் வண்டியில் டீசல் சரியாக வராத கோளாறு எழுந்தால், கடைசியாகக் கைவைக்க வேண்டிய பொருள் பம்ப். முதலில் பார்க்க வேண்டியது டேங்கின் அடியிலிருந்து பம்ப்பின் வாய் வரைக்கும் உள்ள அந்தச் சில அடிப் பாதை. அதைப் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றச் சொல்வது, தலைவலி என்று வந்தவரிடம் காய்ச்சல் இருக்கிறதா என்றுகூடத் தொட்டுப் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்குச் சமம்.

எங்கள் வீட்டு வண்டி 2005 மாடல். மேட்டுப்பாளையத்திலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு கோத்தகிரி போகும். திரும்பும்போது கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் இறக்கிக்கொண்டு வரும். இந்தப் பாதையில் ஒரு வண்டிக்கு டீசல் வழியில் என்ன குறை இருந்தாலும் மலை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சமவெளியில் ஓடும்போது எஞ்சின் குடிக்கிற டீசல் கொஞ்சம். லோடோடு இரண்டாவது கியரில் ஏறும்போது குடிப்பது பல மடங்கு. பாதி அடைத்த குழாய் சமவெளிக்குப் போதும், மலைக்குப் போதாது. "ரோட்டுல நல்லா ஓடுதுங்க, மேட்டுல மட்டும் இழுக்க மாட்டேங்குது" என்று டிரைவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது.

இந்த வண்டிகளில் டீசல் எப்படி எஞ்சினுக்குப் போகிறது என்று பார்த்தால் என் வாதம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். டேங்கின் அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். அங்கிருந்து சேஸ் ஓரமாக ஒரு லைன் வந்து ஃபீட் பம்ப்பில் முடியும். வரிசைப் பம்ப் உள்ள வண்டியில் பெரிய பம்ப்பின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன உறுப்புதான் ஃபீட் பம்ப். கையால் அடிக்கிற பிரைமர் அதன் தலையில் இருக்கும். அது உறிஞ்சியெடுத்து ஃபில்டருக்குத் தள்ளும். ஃபில்டரைத் தாண்டிய டீசல் பெரிய பம்ப்புக்குள் போகும். அதுவரை அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார் அளவில்தான் இருக்கும். பம்ப்புக்குள் போன பிறகு கதை வேறு. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் திறக்கவே ஏறத்தாழ 200 பார் வேண்டும். அந்த அழுத்தத்தைக் கொடுக்கிற பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. தலைமுடியைப் பல கூறாகப் பிளந்தால் கிடைக்கிற அளவு.

1927-இல் ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் இந்த வகைப் பம்ப்பைத் தொகுதி தொகுதியாகச் செய்யத் தொடங்கியது. நம் நாட்டில் 1951-இல் மைக்கோ தொடங்கிய பிறகு அது ஊர் ஊராகப் பரவியது. அந்த நிறுவனம் பெயர் மாறி 2008 முதல் பாஷ் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் "மைக்கோ பம்ப்" என்றுதான் சொல்கிறார்கள். சுத்தமான டீசல் கிடைத்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கக்கூடிய பொருள் அது. ஏனென்றால் அதற்கு எண்ணெய் போடுவதே டீசல்தான். டீசல் ஒழுங்காக வரும்வரை அது தேய்வது மிக மெதுவாக. அதற்கு முன்னால் இருப்பவை என்ன? ரப்பர் ஹோஸ், கிளிப், செப்பு வாஷர், வலை, காகித ஃபில்டர், டேங்க் மூடி. வெயிலில் வெடிப்பதும், துருப்பிடிப்பதும், அடைத்துக்கொள்வதும் இவைதான். நூறு ரூபாய்ப் பொருள் முதலில் கெடுமா, ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் கடைந்த எஃகு முதலில் கெடுமா?

எதிர்த்தரப்பு வைக்கிற முதல் வாதம்: "லைன்ல எங்கயும் லீக் இல்லீங்க, பார்த்துட்டோம். சொட்டு டீசல் கசியல." இந்த வாதம்தான் அதிகமானவர்களை ஏமாற்றுகிறது, அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில் உள்ளது உறிஞ்சுகிற பாதை. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற மாதிரி. ஸ்ட்ராவில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே வரும். வண்டியிலும் அப்படித்தான். வெடித்த ஹோஸ் டீசலைச் சிந்தாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே தரை காய்ந்திருக்கும், மேலே எஞ்சின் மூச்சுத் திணறும். சொட்டு விழவில்லை என்பதை வைத்து உறிஞ்சும் பாதைக்கு நற்சான்று கொடுக்கவே முடியாது.

இந்தக் காற்றுக் கோளாறைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டியதில்லை. காலையில் சாவி போடுவதற்கு முன் பிரைமரை அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று அடியில் கை இறுகினால் லைன் நிறைந்திருக்கிறது. இருபது அடி, முப்பது அடி அடித்தும் புஸ்ஸென்று இறங்கினால், இரவெல்லாம் டீசல் டேங்க்குக்கே திரும்பிப் போயிருக்கிறது. காற்று எங்கோ நுழைகிறது. லைனில் ஓர் இடத்தில் ஒரு முழம் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஹோஸைச் சேர்த்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், குமிழிகள் வரிசையாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். எங்கே நுழைகிறது என்று தேடினால் பெரும்பாலும் விடை செப்பு வாஷரில் இருக்கும். செப்பு ஒரு தடவை நசுங்கிய பிறகு கடினப்பட்டுவிடும். ஃபில்டர் மாற்றும்போது அதே வாஷரைத் திரும்பப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் அது இடைவெளியை அடைக்காது. சிவக்கச் சுட்டு ஆறவைத்தால் மறுபடி இளகும். இல்லையென்றால் சில ரூபாயில் புதிது கிடைக்கும். "ஃபில்டர் மாத்தின நாள்ல இருந்துதாங்க இந்தப் பிரச்சினை" என்று ஓனர் சொல்லும்போதே மெக்கானிக்கின் கண் அந்த வாஷருக்குப் போக வேண்டும். ஆனால் அது பம்ப்புக்குப் போகிறது.

இப்போது எங்கள் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு, கோத்தகிரி போகும் வழியில் குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டியதும் வண்டி நின்றுபோகத் தொடங்கியது. நின்றதும் பத்து நிமிஷம் ஓரங்கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும். அடுத்த நாலு கிலோமீட்டரில் மறுபடி நிற்கும். பட்டறையில் அதே தீர்ப்பு. பம்ப் இறங்கியது, பிளஞ்சர் செட் மாற்றினார்கள், பெஞ்சில் ஓட்டி எண்கள் எழுதிய தாள் கொடுத்தார்கள், 16,500 ரூபாய் ஆனது. நாலு நாள் வண்டி நின்றதில் போன லோடு தனிக் கணக்கு. மாட்டிய மூன்றாம் நாள் அதே வளைவில், அதே மாதிரி நின்றது.

அன்றைக்கு உதவியவர் மேட்டுப்பாளையத்தில் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெரியவர். அவர் பம்ப்பைப் பார்க்கவே இல்லை. "நின்னு கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்டார்ட் ஆகுதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கழுவித் துடைத்து, பங்க்கில் புது டீசல் பிடித்துவரச் சொன்னார். கேனை பானெட் ஓரமாக, சைலன்சர் சூடு படாத இடத்தில், சணல் கயிற்றால் இறுகக் கட்டினார். டேங்கிலிருந்து வரும் லைனை ஃபீட் பம்ப்பில் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஹோஸை அங்கே மாட்டினார். மீதி டீசல் திரும்புகிற லைனையும் கேனுக்கே திருப்பினார். பிரைமரை அடித்து, ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை ஏர் எடுத்தார். "ஏறுங்க, போயிட்டு வரலாம்."

முழு லோடோடு குஞ்சப்பனை தாண்டினோம். நிற்கவில்லை. அதற்கு மேலும் ஏறினோம். நிற்கவில்லை. அந்தப் பெரியவர் திரும்பிப் பார்த்து, "பம்ப் நல்லாத்தான் இருக்குது. முன்னாடியும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். டேங்கை இறக்கியபோது அடியில் ஒரு சாண் பாலிதீன் தாள் கிடந்தது. டேங்க் மூடியின் ரப்பர் போனதும் டிரைவர் யாரோ பாலிதீனை மடித்து வைத்து மூடியிருக்கிறார். அது கிழிந்து உள்ளே விழுந்திருக்கிறது. எஞ்சின் உறிஞ்சும்போது அந்தத் தாள் குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றால் உறிஞ்சல் நின்று, தாள் மெல்ல விலகிவிடும். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்புவதற்கு இதுதான் காரணம். தேய்ந்த பிளஞ்சர் பத்து நிமிஷம் ஓய்வெடுத்துத் தேறி எழுமா? இந்தக் கேள்வியைப் பட்டறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பாலிதீன் இல்லாவிட்டால் துருத் துகள், பஞ்சு, டீசலில் தண்ணீர் சேரும் இடத்தில் வளர்கிற கருப்பு வழுவழுப்பு என்று ஏதோ ஒன்று அங்கே இருக்கும். பாதி டேங்க்கில் பனிக்காலத்து இரவுகளில் வண்டியை நிறுத்தினால் உள்சுவரில் ஈரம் படிந்து அடியில் இறங்கும். சிலர் பஞ்சர் கடையில் காற்றடித்து லைனை டேங்க் பக்கமாக ஊதிவிட்டு, சரியாகிவிட்டது என்று பணம் வாங்கிக்கொள்கிறார்கள். ஊதிய அழுக்கு எங்கே போனது? டேங்க்கில்தான் விழுந்தது. ஒரு வாரத்தில் திரும்பி வரும். அப்போது, "லைன் எல்லாம் கிளீன் பண்ணியாச்சு, இனி பம்ப்தான்" என்பார்கள். அரைகுறையாகச் செய்த வேலையே அடுத்த தவறான முடிவுக்குச் சாட்சியாகிவிடுகிறது.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீசல் வெளியே போகப் போக அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். அது அடைத்தால் டேங்க் உள்ளே இழுபட்டு, டீசல் வர மறுக்கும். வண்டி திணறும்போது மூடியைத் திறந்துபாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் கோளாறு கையிலேயே கிடைத்துவிட்டது.

புகையையும் யாரும் சரியாகப் படிப்பதில்லை. இழுவை குறைந்து, பின்னால் கரும்புகை தள்ளினால், டீசல் போதாமல் இல்லை. டீசல் போகிறது, எரியத்தான் காற்று போதவில்லை அல்லது நாசில் தெளிப்பு சரியில்லை. ஏர் ஃபில்டரைப் பாருங்கள், நாசிலைப் பாருங்கள். இழுவை குறைந்து, புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால்தான் டீசல் பட்டினி. "புகையே வரல, எஞ்சின் சுத்தமா இருக்குது, அதனால பம்ப்தான்" என்று முடிவு கட்டுவதைக் கேட்டிருக்கிறேன். புகை வராதது டீசல் பம்ப் வரைக்கும் வந்து சேர்கிறதா என்று சந்தேகிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றாலும் இதே பாடம். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் விழுகிறது. ஒன்றுமே வராவிட்டால் விழவில்லை. ஸ்டாப் கேபிள் முழுதாகத் திரும்பாமல் பம்ப்பின் லீவர் பாதியில் நின்றதால் இழுவை போன வண்டிகள் உண்டு. அந்தக் கேபிளுக்கு இரண்டு சொட்டு ஆயில் போதும். ரோட்டரி பம்ப் வண்டியில் டீசலை நிறுத்துகிற சோலனாய்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று ஒரு பல்பை வைத்துப் பார்த்தால் போதும். இவையெல்லாம் பம்ப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிற பொருள்கள். பம்ப்பைத் திறக்காமலே பார்க்கக்கூடியவை.

இரண்டாவது வாதம் இன்றைய டீசலைப் பற்றியது. "பிஎஸ் சிக்ஸ் டீசல்ல கந்தகம் இல்லீங்க, வழவழப்பு இல்ல, பழைய பம்ப் எல்லாம் தேஞ்சுபோகுது." 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது உண்மை. கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் இயல்பான வழவழப்பு குறைவதும் உண்மை. அதை ஈடுகட்டச் சேர்மானம் சேர்க்கிறார்கள் என்பதும், வழவழப்புக்கென்று ஐஎஸ் 1460 தரநிலையிலேயே வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை. பாதி உண்மையைச் சொல்லிப் பம்ப்பைக் கழற்றுவது நியாயமில்லை. பங்க் டீசல் மேல் சந்தேகம் இருந்தால் அங்கேயே அடர்த்தியைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பது வாடிக்கையாளர் உரிமை.

மூன்றாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பம்ப்பும் தேயும். இருபது வருஷம் ஓடிய பம்ப் தேய்ந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேய்ந்த பம்ப்புக்கென்று ஓர் அடையாளம் உண்டு. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும்; ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த பிளஞ்சரின் ஓரமாக நழுவிவிடுவதால் நாசிலைத் திறக்கும் அழுத்தம் எழுவதில்லை. அந்த நேரத்தில் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுக் குளிரவிட்டு அடித்தால் ஸ்டார்ட் ஆகும். தண்ணீரை மொண்டு ஊற்றாதீர்கள், துணி போதும். லைனில் காற்று இல்லை, ஃபில்டர் புதிது, கேன் கட்டி ஓட்டியும் தீரவில்லை, சூட்டில் இந்த அடையாளமும் இருக்கிறது என்றால், தாராளமாகப் பம்ப்பைக் கழற்றுங்கள். அப்போது நானே கூட வந்து ஸ்பானர் பிடிப்பேன்.

"எப்படியும் பழைய பம்ப்தானே, ஒரு சர்வீஸ் செஞ்சா நல்லதுதானே" என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நல்லதில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே இடைவெளி உள்ள பொருளைத் தூசி பறக்கிற கூரைக்கொட்டகையில் திறந்தால், மூடும்போது உள்ளே மணல் இருக்கும். திரும்ப மாட்டும்போது டைமிங் குறி ஒரு பல் தள்ளினால் எஞ்சின் தட்டும். இதையெல்லாம் விட மோசமானது, "இழுவை வரட்டும்" என்று டீசல் அளவு ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவிடுவது. பம்ப்புக்கு வருவதே குறைவாக இருக்கும்போது திருகிய ஸ்க்ரூ எதையும் காட்டாது. ஒருநாள் டேங்க் சுத்தமாகி டீசல் முழுதாக வரும்போது கரும்புகையும், கூடுதல் சூடும், கடைசியில் பிஸ்டனும் அதன் விலையைச் சொல்லும். ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது என்று உள்ளிருக்கும் காகிதத்தை உருவிவிட்டு வெறும் கிண்ணத்தோடு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பம்ப்பைக் கொல்வது. ஃபில்டர் அடிக்கடி அடைத்தால் அது தன் வேலையைச் செய்கிறது, டேங்க்தான் அழுக்கு.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்லி இதை முடிக்க முடியாது. டேங்கை இறக்கி, டீசலை வடித்து, கழுவிக் காயவைத்து மாட்டுவது ஒரு நாள் வேலை. உடம்பெல்லாம் டீசல் நாறும். அதற்கு ஆயிரம் ரூபாய் கேட்டால், "டேங்க் கழுவவா ஆயிரம்?" என்று நாம் முகம் சுளிக்கிறோம். பம்ப் என்றால் பதினாறாயிரத்தையும் எண்ணி வைக்கிறோம், கையில் ஒரு தாள் வருவதால். பார்த்துக் கண்டுபிடிக்கிற உழைப்புக்குக் கூலி கொடுக்காமல், மாற்றிய பொருளுக்கு மட்டும் கூலி கொடுத்தால், பட்டறைகள் பொருளைத்தான் மாற்றும். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், டயர், டிரைவர் படி எல்லாம் போக மிஞ்சுகிற காசில் ஒரு தேவையில்லாத பம்ப் செலவு அந்த வண்டியையே விற்கவைத்துவிடும். காய்கறி ஏற்றிப் பிழைக்கிற குடும்பங்களில் அப்படி விற்றுப்போன வண்டிகளை எனக்குத் தெரியும். அவற்றில் எத்தனை வண்டியின் டேங்க்கை யாராவது திறந்து பார்த்திருப்பார்கள்?

கேன் கட்டிப் பார்க்கும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். கேனில் டீசலைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது. கட்டு அவிழாமல் இருக்க வேண்டும், சைலன்சர் பக்கம் போகக் கூடாது. நாசில் நட்டைத் தளர்த்திப் பார்க்கிறவர்கள் கையையோ முகத்தையோ அருகில் கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரிக் கேஸ். இவ்வளவுதான் ஜாக்கிரதை. மற்றபடி ஒரு மணி நேரமும் ஐந்து லிட்டர் டீசலும் ஒரு முழ ஹோஸும் போதும்.

அடுத்த தடவை உங்கள் பழைய பிக்கப் மேட்டில் திணறி, யாராவது "பம்ப்பைக் கழற்றணும்" என்று சொன்னால், ஒரே கேள்வி கேளுங்கள்: "கேன் கட்டி ஓட்டிப் பார்த்தீங்களா?" இல்லை என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.